கேட்கத் தெரிந்த வைத்தியர் வேண்டும்

(தேவனாம்பட்டினத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் கிராம வைத்தியம் என்பதாகும். நான் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பே எனக்கு அரைகுறைதான். பின் எந்த யோக்கியதையில் வைத்தியத்தைப் பற்றிப் பேச வந்தாய் என்று கேட்பீர்களானால், நோயாளியாகக் கிடந்திருக்கிறேன், நோயாளிக்குப் பக்கத்தில் இராக்கண் விழித்திருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. நான் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தில் வைத்துப் பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நம்முடைய கூட்டங்களில் மந்திரவாதியையும், குறி சொல்லுகிறவனையும், தாயத்துக் கட்டுகிறவனையும் கண்டித்துப் பேசுவது வழக்கம். நானும் இருபது வருஷமாகப் பேசி வருகிறேன். அதில் ஒரு வார்த்தையைக் கூட நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும்போதே ஜனங்கள் அவனிடம் ஏன் போகிறார்கள்? மூடர்கள், அதனால் போகிறார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படித்தான் நானும் சொல்லிக் கொண்டிருந்தேன். அந்தப் பேச்சுக்கு என் வீட்டிலேயே பதில் கிடைத்தது. அதைச் சொல்லுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் தாயாருக்கு நெஞ்செரிச்சல். சாப்பாடு இறங்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்துப் போனார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காலை ஆறு மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்கு உள்ளே விட்டார்கள். டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. என் தாயார் "ராத்திரியிலே..." என்று ஆரம்பித்தார். அதற்குள் சீட்டு எழுதியாகிவிட்டது. இருதயப் படம் எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, "ஒன்றுமில்லை, போகலாம்" என்றார்கள். நானும் ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகத் திரும்பினேன். ஆனால் அம்மாவுக்கு எரிச்சல் நிற்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நான் ஒரு பிரசாரக் கூட்டத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தால், என் தாயார் கையில் ஒரு தாயத்து! ஊரெல்லாம் தாயத்தை அறுக்கச் சொல்லுகிறவன் வீட்டில் தாயத்து! எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். அம்மா நிதானமாகச் சொன்னார்: "அவன் என்னை உட்காரச் சொன்னான்டா. என்னைக்கு ஆரம்பிச்சதும்மான்னு கேட்டான். எத்தனை பிள்ளை பெத்தே, எத்தனை தங்கிச்சுன்னு கேட்டான். அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்தாரா? அவரை விடு. நீயாவது கேட்டியா?"

தோழர்களே, இருபது வருஷப் பிரசங்கத்தில் எவரும் என்னை இப்படி மடக்கியதில்லை. நான் கேட்கவில்லை என்பது உண்மை.

பிறகு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயதில் சிறிய ஒரு டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனோம். அவர் அம்மாவை உட்கார வைத்து, பேச விட்டார். காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், வேறு எங்கே வலிக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் வெளிவந்தது: முழங்கால் வலிக்காகக் கடையில் வலி மாத்திரை வாங்கி, மாதக்கணக்கில், வெறும் வயிற்றில் தின்று வந்திருக்கிறார். வயிற்றைப் புண்ணாக்கியது அந்த மாத்திரைதான். அதை நிறுத்தி, வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் அம்மா சாப்பிட ஆரம்பித்தார். தாயத்தை நான் அறுக்கவில்லை. ஒரு நாள் அவரே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

இதிலிருந்து எனக்குத் தெரிந்தது என்ன? தாயத்துக் கட்டியவனிடம் பேச்சு இருந்தது, வித்தை இல்லை. முதல் டாக்டரிடம் வித்தை இருந்தது, காது இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வியாதி பிடிபட்டது. நோயாளியைக் கேட்பது என்பது வைத்தியத்துக்கு மேலே தூவுகிற சர்க்கரை அல்ல. அதுவே வைத்தியத்தில் பாதி.

இது என் வீட்டுக் கதை மாத்திரமல்ல. அமெரிக்காவில் 1984ஆம் வருஷத்தில் இருவர் டாக்டர்களின் அறையில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்ல ஆரம்பித்துச் சராசரி 18 விநாடிக்குள் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார் என்று கண்டார்கள். பேச விட்டால் நோயாளி பொழுது விடிய விடியப் பேசுவாரே என்று கேட்பீர்கள். அதையும் சுவிட்சர்லாந்தில் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்த கணக்குப்படி, குறுக்கிடாமல் விட்டால் நோயாளி தானாகவே பேச்சை முடித்துக் கொள்ள ஆன நேரம் சராசரி 92 விநாடி! ஒன்றரை நிமிஷம்! ஒரு மனிதனுடைய நோவைக் கேட்க ஒன்றரை நிமிஷம் இல்லையென்றால், அது நேரத்தின் குறையா, மனத்தின் குறையா?

இப்படிக் கேட்பதால் பலன் உண்டா என்றும் கணக்கெடுத்திருக்கிறார்கள். பிலடெல்பியா நகரத்தில் 29 குடும்ப வைத்தியர்களையும், அவர்களிடம் வந்த 891 சர்க்கரை வியாதிக்காரர்களையும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். பரிவு அதிகமுள்ள டாக்டர்களிடம் போனவர்களில் 100க்கு 56 பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டிருந்தது. பரிவு குறைந்த டாக்டர்களிடம் போனவர்களில் 100க்கு 40 பேருக்குத்தான். மாத்திரை உலகமெங்கும் ஒன்றுதான். ஆனால் தன்னை மனிதனாக நடத்துகிறவர் சொன்னால்தான் மனிதன் மாத்திரையை ஒழுங்காகத் தின்னுகிறான்.

பரிவு என்றால் இரக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். "ஐயோ பாவம்" என்பது திண்ணை மேலிருந்து தெருவில் நிற்பவனைப் பார்த்துச் சொல்லுவது. அதற்கும் ஜாதி மேட்டிமைக்கும் அதிக தூரமில்லை. பரிவு என்பது பக்கத்தில் உட்கார்ந்து, இவன் நிலையில் நான் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று அறிவைக் கொண்டு யோசிப்பது. அது அறிவின் வேலை. ஆகையால் கற்றுக்கொடுக்கக் கூடியது.

இல்லை, அது பிறவிக் குணம், ஆண்டவன் கொடுப்பது என்பார்கள். நம்முடைய பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே, திண்டிவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1890களில் அங்கே ஒரு பாதிரி டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். டாக்டராகும் எண்ணமே அவருக்குக் கிடையாது. ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு. மூவர் மனைவியும் பிரசவ வேதனையில். "நீங்கள் வாருங்கள்" என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார். அந்நிய ஆண் எங்கள் பெண்ணைத் தொடுவதா என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் பிணம்.

யோசித்துப் பாருங்கள். மகளிடம் மனம் இருந்தது, வித்தை இல்லை. தகப்பனிடம் வித்தை இருந்தது, வழக்கம் கதவைச் சாத்திவிட்டது. மூன்று தாய்மார்களைக் கொன்றது தலைவிதியா? வழக்கமும் அறியாமையும் அல்லவா?

அந்தப் பெண் திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்து, 1899இல் கார்னெல் சர்வகலாசாலையில் தேறி, 1900இல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1909இலிருந்து குடியாத்தம் சாலையில் மோட்டாரில் போய் மரத்தடியில் நின்று நோயாளிகளைப் பார்த்தார். தான் ஒருத்தி போதாது என்று 1918இல் நம் நாட்டுப் பெண்களுக்கே வைத்தியப் பள்ளிக்கூடம் திறந்தார். அது 1942இல் பெரிய காலேஜாகி, 1947இல் ஆண்களையும் சேர்த்துக் கொண்டது. அவர் தம்மைக் கடவுள் கூப்பிட்டதாக எண்ணினார். அது அவர் நம்பிக்கை. நான் காண்பது, பக்கத்து வீட்டுச் சாவு அவரைக் கூப்பிட்டது என்பதே. அந்தச் சாவை உணர எந்த மதமும் வேண்டியதில்லை. மனிதனாக இருந்தால் போதும்.

ஆனால் தோழர்களே, மனிதத் தன்மையோடு படிக்கப் போகிறவனைப் படிப்பே மாற்றிவிடுவதும் உண்டு. அதே பிலடெல்பியாவில் வைத்திய மாணவர்களை வருஷா வருஷம் சோதித்து 2009இல் சொன்னார்கள்: மாணவனுடைய பரிவு மூன்றாவது வருஷத்தில் குறைகிறது என்று. மூன்றாவது வருஷம் எது? புத்தகத்தை விட்டு நோயாளியிடம் வரும் வருஷம்! ஓய்வில்லாத வேலை, பெரியவர்களின் அதட்டல், "அந்த எட்டாம் நம்பர் படுக்கை" என்று மனிதனை நம்பராக அழைக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து அவனைக் கல்லாக்குகின்றன. ஆகவே குற்றம் ஆளிடத்தில் மாத்திரம் இல்லை. ஆளை வார்க்கும் அச்சிலும் இருக்கிறது.

இந்த அச்சை மாற்ற வேண்டுமென்பது புதிய யோசனையுமல்ல. போர் கமிட்டி 1946இலேயே, நம் நாட்டு டாக்டர் ஜனங்களோடு சேர்ந்து நிற்கும் சமூக வைத்தியராக இருக்க வேண்டும் என்றது. பல காலம் அது காகிதத்தில் கிடந்தது. 2019இல்தான் நோயாளியோடு பேசுவதும் நடப்பதும் எப்படி என்பது நாடு முழுவதும் வைத்தியப் படிப்பில் ஒரு பாடமாக வந்தது. 2021-22ஆம் வருஷ மாணவர்கள் முதல், ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தம் பொறுப்பில் எடுத்துப் படிப்புக் காலம் முழுவதும் கவனிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வேலூரில் ஏற்கெனவே வேலை செய்யும் டாக்டர்களுக்குத் தபால் வழியாகக் குடும்ப வைத்தியம் கற்பிக்கிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் பெயரளவுக்கு ஒரு நாள் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவதாக இவை முடிந்துவிடக் கூடாது. முடியாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

நம் ஜில்லாவில் அண்ணாமலைநகரில் 1985இல் ஏற்பட்ட வைத்தியக் கல்லூரி 2021இல் சர்க்கார் வசமாயிற்று. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 100க்கு 7.5 இடம் என்று 2020இல் சட்டம் வந்தது. கூலிக்காரன் பிள்ளையும் மீனவன் பிள்ளையும் டாக்டராகலாம் என்கிற கதவு இது. கூலி போய்விடுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு வராதவனுடைய மனம், அந்த வீட்டில் பிறந்தவனுக்குப் பாடம் நடத்தாமலே தெரியும். ஆனால் அவனும் மூன்றாவது வருஷத்தில் மாறிவிடலாம். எனவே இடமும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

இங்கேயுள்ள உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கடல் எழுந்து வந்தபோது இந்த ஜில்லாவில் 600க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உடம்பில் காயமில்லாமலே தூக்கம் போனவர்கள் எத்தனை பேர்? அலைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக் கொண்டவர்கள் எத்தனை பேர்? அதை எந்தப் படம் காட்டும்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் அது தெரியும்.

டாக்டர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு காலைப் பொழுதில் நூறு பேரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சிரித்த முகம் எங்கே என்று கேட்பது நியாயமாகாது. அவரும் நம்மைப் போல் பசியும் அலுப்பும் உள்ள மனிதர்தான். நூறு பேருக்கு ஒருவர் என்பதை மாற்றச் சர்க்காரைக் கேட்க வேண்டுமே ஒழிய, டாக்டர் மேல் கை வைப்பது காட்டுமிராண்டித்தனம். அதேபோல் டாக்டரைக் கடவுள் என்று கும்பிடுவதும் வேண்டாம். கடவுளாக்கிவிட்டால் பிறகு அவரை யார் கேள்வி கேட்பது? கும்பிடாதீர்கள், அடிக்காதீர்கள், கேளுங்கள். எனக்கு என்ன வியாதி, இந்த மருந்து எதற்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள். கடையில் வாங்கித் தின்ற மாத்திரையையும், கட்டிக்கொண்ட தாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக நம் இயக்கத் தோழர்களுக்கு. தாயத்தை அறுப்பதற்கு முன், அது எந்த நோவுக்காகக் கட்டப்பட்டது என்று விசாரியுங்கள். கேட்கத் தெரிந்த வைத்தியர் ஊருக்கு ஒருவர் வந்துவிட்டால் மந்திரவாதியின் பிழைப்புத் தானாகவே போய்விடும். அப்படிப்பட்டவர் வரும் வரையில், வீட்டிலாவது நாம் கேட்போம். நான் என் தாயாரிடம் கேட்கத் தவறினேன். நீங்கள் இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரிடம், "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, ஒன்றரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.