சவுடுன்னா என்ன மண்ணு?

மணலியில எங்க மனையை மேடாக்க ரெண்டு லோடு சவுடு அடிச்சோம். "இதுல முருங்கை வருமாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. தெரியல. தேடினேன்.

சவுடுன்னா முதல்ல உவர்மண். சோப்பு வர்றதுக்கு முன்னாடி துணி வெளுத்த மண். தெலுங்கிலயும் சவுடு நேலன்னா பயிர் சரியா வராத உவர், களர் நிலம். இன்னைக்கு லாரிக்காரருக்கு, பள்ளம் நிரப்புற எந்த மண்ணும் சவுடுதான்.

இது வெறும் சொல் குழப்பம் இல்ல. சவுடுன்னு பர்மிட் வாங்கி ஆத்து மணல் அள்ளுறாங்கன்னு மதுரை ஹைகோர்ட் கிளை வரைக்கும் வழக்கு போச்சு. பேர் மங்கினா, ஆறே அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும்.

அடுத்த லோடு வந்தா ஒரு கைப்பிடியைத் தண்ணியில கலக்குங்க. மணல் சட்டுனு அடியில தங்கும்; களிமண் கலங்கியே நிக்கும். அப்புறம் முருங்கை வைங்க.