கைநாட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி

(மலைப்பகுதி ஊராட்சிச் செயலர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், வனத்துறைக் களப்பணியாளர்கள், வன உரிமைக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கான பயிற்சியில், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சட்டப் பிரிவுகளை எல்லாம் காலையிலேயே உங்களுக்கு விளக்கியிருப்பார்கள். நான் ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன். பழங்குடி மக்களுடைய நிலம், காடு பற்றி முடிவெடுக்கும்போது அவர்களைக் கேட்கிறோம் இல்லையா? அந்தக் கேட்பது எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு மலைக்குடியிருப்புக்கு ரோடு போட கிராம சபைத் தீர்மானம் வாங்கப் போனேன். முப்பது வீடுதான் இருக்கும். தீர்மானத்தை ஆபீசிலேயே எழுதிக்கொண்டு போய்விட்டேன். நல்ல காரியம்தானே என்று எல்லோரும் வரிசையாக வந்து கைநாட்டு வைத்தார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. புத்தகத்தை மூடும்போது ஒரு பாட்டி கேட்டார், “தம்பி, ரோடு எந்தப் பக்கமா வருது?”

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவருக்குப் பிடிபடவில்லை. “நடந்து காட்டுப்பா” என்றார். நடந்தோம். பாதி வழியில் நின்றுவிட்டார். “இங்கதான் எங்க மாமனாரு, மாமியா, எம் புருசன் எல்லாரும் படுத்திருக்காங்க.” என் கண்ணுக்கு அது கல் கிடக்கிற ஒரு மேடு. அவர்களுக்கு அது முன்னோர்களைப் புதைத்த இடம்.

ரோடே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிரசவ வலி வந்தால் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிற ஊர் அது. “கொஞ்சம் மேலால தள்ளிப் போட்டுக்கங்க” என்றுதான் சொன்னார்கள். அப்படியே போட்டோம். தூரம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாட்டி கேட்காமல் இருந்திருந்தால்? என் புத்தகத்தில் தேதி, கைநாட்டு, முத்திரை எல்லாம் சரியாக இருந்திருக்கும். ஆனால் ஊரை நான் கேட்டிருக்கவே மாட்டேன். முடிவைத்தான் தெரிவித்திருப்பேன்.

இந்த வித்தியாசத்தைத்தான் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் மாநிலத்தில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் இல்லை. அதனால் அந்தப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் இங்கே பொருந்தாது. ஆகவே நம் மலைமக்களுக்கு வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை மிகவும் முக்கியம். யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்கும் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை போன்ற பணிகளுக்கு வன நிலத்தை எடுக்கவும் இந்தச் சட்டத்தில் வழி உண்டு. ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். மூன்றாவது நிபந்தனையை மட்டும் சடங்காக்கிவிடாதீர்கள்.

சரி, கேட்பது எப்படி?

முதலாவது, இடம். ஊராட்சித் தலைமைக் கிராமத்தில் கூட்டம் போட்டால் மலைக்குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் இறங்கி வருவார்கள்? 2012-இல் திருத்தப்பட்ட விதிகள், பதிவில் இல்லாத, அளவை செய்யப்படாத குடியிருப்புகளையும் இந்தச் சட்டத்துக்காகக் கிராமமாகப் பட்டியலிட வழி செய்கின்றன. நாம்தான் மேலே ஏற வேண்டும்.

இரண்டாவது, ஆட்கள். இந்தச் சட்டத்தின்படி கூடும் கிராம சபையில் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். விறகும் கிழங்கும் தண்ணீரும் எங்கே கிடைக்கும் என்று அதிகம் தெரிந்தவர்கள் பெண்கள்தான்.

மூன்றாவது, நேரம். மே 1-இல் வழக்கமான கிராம சபை உண்டு. பல மலைகளில் அது தேன் எடுக்கிற காலம். ஆண்கள் காட்டில் இருப்பார்கள். எந்த நாள் தோதுப்படும் என்று ஊரிடமே கேளுங்கள். விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேச நாலு நாள் வேண்டாமா?

நான்காவது, மொழி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நம் மாநிலத்தில் ஆறு சமூகங்களை மிகவும் நலிவடைந்த பழங்குடியினராக அரசு வகைப்படுத்தியிருக்கிறது. அவர்களுக்கென்று தனிப் பேச்சு உண்டு. ஆபீஸ் தமிழில் வாசித்துவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார்கள். அந்த ஊரிலேயே படித்த ஒரு பிள்ளையை அருகில் உட்கார வைத்து எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். இடத்தை நடந்து காட்டுங்கள்.

ஐந்தாவது, ஆதாரம். “ஆவணம் எங்கே?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதுவும் சான்றுதான். பழைய கிணறு, புதைகுழி, சாமி கும்பிடும் இடம் இவையும் சான்றுகளே. இன்ன வகை ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அந்தப் பாட்டி காட்டிய மேடு, சட்டத்தின் கண்ணில் ஓர் ஆவணம்.

ஆறாவதுதான் நமக்குக் கஷ்டமானது. “வேண்டாம்” என்று சொன்னால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

ஒடிசாவின் நியம்கிரி மலையை நினைத்துப் பாருங்கள். அங்கே பாக்சைட் சுரங்கம் வருவதாக இருந்தது. அந்த மலை டோங்ரியா கோந்த் மக்களுக்குத் தெய்வமான நியம் ராஜா வாழும் இடம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகள் உட்பட எல்லாவற்றையும் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் பார்வையாளராக இருந்தார். ராயகடா, காளாஹாண்டி மாவட்டங்களில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அடுத்த ஆண்டு ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. மறுப்பதற்கு இடம் இருந்ததால்தான் அங்கே நடந்தது உண்மையான கலந்தாலோசனை.

“இப்படி ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போ நடக்கும் சார்?” என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியதுதான். ஆனால் கேட்காமல் தொடங்கிய வேலை பாதியில் நின்றால் அதற்கு ஆகிற காலத்தையும் கணக்கில் சேருங்கள். என் ரோட்டுக்கு அதிகப்படியாக ஆனது ஒரு பகல் நடை.

வன உரிமைக் குழு உறுப்பினர்களாக வந்திருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியிருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபையின் தீர்மானத்தால் ஒருவருக்குப் பாதிப்பு என்றால் 60 நாட்களுக்குள் உட்கோட்ட அளவிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம். உரிமையைச் சரிபார்த்து முடிக்கும் வரை, காட்டில் குடியிருப்பவரை அவர் வசத்தில் இருக்கும் நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்பதும் சட்டம்.

அதிகாரிகளே, அடுத்த முறை மலையேறும்போது தீர்மானப் புத்தகத்தைக் கொண்டு போங்கள். ஆனால் வெறும் தாளோடு கொண்டு போங்கள். என்ன எழுத வேண்டும் என்பதை ஊர் சொல்லட்டும்.