பேசக் கற்றுக் கொடுக்குமுன் கேட்கக் கற்போம்

(வேலையிடத்தில் பேசும் முறையையும் சேர்ந்து பணியாற்றும் முறையையும் நம் இளைஞர்களுக்குச் சொல்லித் தரப்போகும் பயிற்றுநர்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய பயிற்சியின் நிறைவு நாளில், பெற்றோர்களும் கலந்துகொண்ட அமர்வில், நிர்வாகத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாக நடந்த இந்தப் பயிற்சி இன்று நிறைவடைகிறது. இப்படிப்பட்ட நாளில் என்ன சாதித்தோம் என்று சொல்வதுதான் வழக்கம். நாங்கள் முதலில் எங்கே தவறினோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் செலவு செய்வது நீங்கள் கொடுத்த பணம். அது எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பல ஆண்டுகளாக நம் அறக்கட்டளை மூலம் கம்ப்யூட்டர், டேலி, ஏசி மெக்கானிக், தையல் என்று பயிற்சி கொடுத்து வருகிறோம். பிள்ளைகள் நன்றாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். வேலையும் கிடைக்கிறது. ஆனால் சிலர் மூன்று மாதம், நான்கு மாதத்தில் வீடு திரும்பிவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "முதலாளி சரியில்லை", "சூப்பர்வைசர் திட்டிட்டார்", "அங்கே ஒத்து வரலை" என்பார்கள். நாங்களும் அப்படியே நம்பி, அடுத்த வேலைக்குச் சிபாரிசு செய்தோம். அங்கிருந்தும் திரும்பினார்கள்.

ஒரு கட்டத்தில் அந்த வேலையிடங்களுக்கே நேரில் போய் விசாரித்தோம். பெரும்பாலான இடங்களில் கேட்டது ஒரே மாதிரியான பதில்: "வேலை தெரிந்த பையன்தான் பாய். ஆனா எது நடந்தாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான்."

ஒரு பார்சல் கிடங்கில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு கட்டுப் பெட்டிகளில் ஊர்ப் பெயர்ச் சீட்டு மாறி ஒட்டப்பட்டிருந்ததை நம் பையன் பார்த்துவிட்டான். ஆனால் ஒட்டியவர் அங்கே பல வருடம் வேலை பார்ப்பவர். பையன் பேசாமல் இருந்துவிட்டான். பெட்டிகள் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் ஏச்சு விழுந்தது. ரோஷப்பட்டு மறுநாளே வேலையை விட்டுவிட்டான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "பெரியவர் செஞ்சதை நான் எப்படித் தப்புன்னு சொல்றது?" என்றான்.

அவன் மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை. அவனை அப்படி வளர்த்தது நாம்தான். பெரியவர்களுக்கு மரியாதை என்ற அதபைச் சொல்லிக் கொடுத்தோம். அந்த மரியாதை குறையாமல் உண்மையைச் சொல்வது எப்படி என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, இதற்கும் ஒரு வகுப்பு வைப்போம் என்று முடிவு செய்தோம். மேடைப் பேச்சில் வல்லவரான ஒருவரை அழைத்தோம். இரண்டு நாள் பேசினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அச்சடித்த குறிப்பும் சான்றிதழும் கொடுத்தோம். புகைப்படம் இதே இதழில்கூட வந்தது. ஆனால் எதுவும் மாறவில்லை. அந்த வகுப்பில் இருந்த ஒரு மகள் எங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எப்படிப் பேசணும்னு ரெண்டு நாள் சொன்னாங்க. அந்த ரெண்டு நாளும் நாங்க யாருமே வாயைத் திறக்கலையே!"

நாங்கள் செய்த தவறு இதுதான். சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று எவ்வளவு அழகாகச் சொற்பொழிவாற்றினாலும் கேட்டவர் சைக்கிள் ஓட்டிவிட மாட்டார். அதனால் மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு, முதலில் பயிற்றுநர்களைத் தயார் செய்வது என்று முடிவெடுத்தோம்.

எப்படிக் கற்பிப்பது என்பதற்கு நாம் தூரமாகப் போகத் தேவையில்லை. ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து அவசரமாகத் தொழுதார். நபி (ஸல்) அவர்கள் அவரைத் திரும்பப் போய்த் தொழச் சொன்னார்கள். இப்படி மூன்று முறை நடந்தது. கடைசியில் அவரே, இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று கேட்டார். அதன் பிறகுதான் நபியவர்கள் ஒவ்வொரு நிலையாக விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி இது. பயிற்றுநருக்கு வேண்டிய பாடம் முழுக்க இதில் இருக்கிறது. முதலில் செய்ய விடுங்கள். கவனித்துப் பாருங்கள். தனக்கு என்ன தெரியவில்லை என்பதை அவரே உணரட்டும். பிறகு சொல்லுங்கள், கொஞ்சமாக, வரிசையாக.

திருத்துவது எப்படி என்பதற்கும் நமக்குத் தெரிந்த செய்தி இருக்கிறது. பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியைத் தோழர்கள் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். அவர் முடிக்கும் வரை விட்டு, தண்ணீர் ஊற்றச் சொல்லி, பள்ளிவாசல் எதற்கானது என்று அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். தவறு திருத்தப்பட்டது, தவறு செய்தவர் அவமானப்படுத்தப்படவில்லை.

இனி, நம் வகுப்பு எப்படி நடக்கும் என்று பெற்றோர்களுக்குச் சொல்கிறோம். நான்கு நான்கு பேராக உட்கார்வார்கள். ஒருவர் சூப்பர்வைசர், ஒருவர் வேலையாள், மற்ற இருவர் பார்ப்பவர்கள். வேலையிடத்தில் உண்மையில் நடக்கும் ஒரு சூழ்நிலையை ஐந்து நிமிடம் நடித்துக் காட்டுவார்கள். பார்த்த இருவரும் தாங்கள் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். "நீ தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாய்" என்று சொல்லலாம். "உனக்குத் தைரியமே இல்லை" என்று சொல்லக்கூடாது. பிறகு இடம் மாற்றி மறுபடியும் நடிப்பார்கள். பயிற்றுநர் கடைசியில்தான் பேசுவார்.

ஒரு சூழ்நிலையை மட்டும் சொல்கிறோம், ஏனென்றால் இது நம் வீடுகளில் எல்லாம் நடப்பது. ஒரு ஷோரூமில் சேர்ந்த நம் தம்பி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு யாரிடமும் சொல்லாமல் போய் வந்தார். மூன்றாவது வாரம் வாக்குவாதம் ஆகி, "தொழ விட மாட்டேங்கறாங்க" என்று வீட்டுக்கு வந்துவிட்டார். கோபத்தோடுதான் நாங்களும் அந்தக் கடைக்குப் போனோம். மேனேஜர் சொன்னார்: "அவர் எங்கே போனார்னே எனக்குத் தெரியாதுங்க. சொல்லியிருந்தா வேற ஆளை நிறுத்தியிருப்பேன்." நாங்கள் தலை குனிந்து வெளியே வந்தோம்.

இதே சூழ்நிலையைப் பயிற்சியில் நடித்துப் பார்த்தபோது எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த பேச்சு இது: "சார், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்கு எனக்கு 12.45 முதல் 1.45 வரை நேரம் வேண்டும். என் சாப்பாட்டு இடைவேளையை அதிலேயே எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரம் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளக் கூட வேலை செய்பவரிடம் பேசியிருக்கிறேன். மீதி நேரத்தை மாலையில் ஈடு செய்துவிடுகிறேன்." என்ன வேண்டும், எவ்வளவு நேரம், அதுவரை வேலையை யார் பார்ப்பார்கள், எப்படி ஈடு செய்வேன் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. கேட்பது வெள்ளிக்கிழமை மதியம் அல்ல, வேலையில் சேரும் அன்றே. உரிமையைக் கேட்பதோடு பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் பேச்சு இது. கூட வேலை செய்பவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதும், அவருக்குத் தேவை வரும்போது நாம் நிற்பதும்தான் கூட்டுப் பணி.

பயிற்றுநர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படி அழகாகக் கேட்டும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். நன்றாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். அப்போது எங்களிடம் வரட்டும், சேர்ந்து யோசிப்போம். நம் பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். யாராவது தவறாக நடந்தால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று சொல்வது பயிற்சி ஆகாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதையும் வகுப்பில் சொல்லிக் கொடுங்கள். எங்கே பணிவாகப் பேச வேண்டும், எங்கே உறுதியாக "கூடாது" என்று சொல்ல வேண்டும் என்று பிரித்தறிவதும் பேச்சுப் பயிற்சிதான்.

மேலே இருப்பவரிடம் சொல்வது மரியாதைக் குறைவா என்று கேட்ட அந்தப் பார்சல் கிடங்குப் பையனுக்கு என்ன பதில்? பத்ருப் போர் பற்றி வரலாற்று நூல்கள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. படை ஓரிடத்தில் தங்கியபோது ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த இடம் அல்லாஹ்வின் கட்டளையா, அல்லது போர் உத்திக்காக நாம் எடுத்த முடிவா? உத்திதான் என்று தெரிந்த பிறகே, கிணறுகளுக்கு அருகில் போகலாம் என்று காரணத்தோடு சொன்னார்கள். நபியவர்கள் அதை ஏற்றார்கள். முதலில் கேள்வி, பிறகு காரணம், பிறகு மாற்று வழி. பார்சல் கிடங்கில் இது எப்படி ஒலிக்கும்? "அண்ணே, இந்தப் பெட்டியெல்லாம் மதுரைக்குத்தானே? பில்லில் திருச்சின்னு இருக்கு. ஒரு தடவை சேர்ந்து பார்த்துடலாமா?" அவ்வளவுதான். அதில் என்ன மரியாதைக் குறைவு?

அகழ்ப் போரில் அகழி வெட்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள். அரபுகள் அறியாத உத்தி அது. வெளியூர்க்காரர் என்று யாரும் அதைத் தள்ளவில்லை. நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். சொல்பவர் ஒரு பக்கம் இருக்க, கேட்பவரும் வேண்டும்.

கேட்பவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில் நடந்தது சாட்சி. மூடுபனியில் ஒரு விமானம் ஓடுபாதையில் கிளம்பியது. முன்னால் இன்னொரு விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார். தலைமை விமானி அதைத் தள்ளிவிட்டார். 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விமான நிறுவனங்கள் இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் நின்று கேட்கவும் தனிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், கத்தி வைக்குமுன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒரு முறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை திறப்பது எளிது. நம் வகுப்புகளும் அப்படித்தான் தொடங்கும்.

இதற்கெல்லாம் இங்கிலீஷ் வேண்டுமே என்று சிலர் கேட்கிறீர்கள். இங்கிலீஷ் வேண்டும், அது தனி வகுப்பு. ஆனால் தமிழில் சொல்லத் தெரியாததை இங்கிலீஷிலும் சொல்ல வராது. மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். தன் குறையை மறைக்காமல், அதை நிரப்பும் தோழரைச் சேர்த்துக்கொள்வதைவிட நல்ல கூட்டுப் பணி எது?

பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது நாங்கள் பேச்சாளர்களைத் தேடவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை, கார்மெண்ட்ஸில் லைன் பார்த்த சகோதரி, வளைகுடாவில் பல நாட்டவரோடு வேலை பார்த்துத் திரும்பியவர் என்று, நாலு பேரோடு சேர்ந்து உழைத்தவர்களாகப் பார்த்து எடுத்தோம். ஒவ்வொருவரும் 20 நிமிட வகுப்பு எடுக்க, அதில் அவரே எவ்வளவு நேரம் பேசினார் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தோம். முதல் வாரம் 15 நிமிடத்துக்குக் குறைவாகப் பேசியவர் யாருமில்லை. போன வாரம் பலர் ஆறு, ஏழு நிமிடத்துக்கு வந்துவிட்டார்கள். இதில் ரொம்பக் கஷ்டப்பட்டது எங்கள் நிர்வாகக் குழுவில் இருந்து சேர்ந்தவர்கள்தான். மைக்கைப் பார்த்தால் விட மனம் வருவதில்லை, இப்போதுகூடப் பார்க்கிறீர்கள்!

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் பிள்ளைகள் எங்களிடம் இருப்பார்கள். மற்ற நேரமெல்லாம் உங்களோடு. பெரியவங்க பேசும்போது குறுக்கே வராதே என்று இருபது வருடம் சொல்லிவிட்டு, வேலைக்குப் போனதும் துணிந்து பேசு என்றால் எப்படி வரும்? திருக்குர்ஆனில் ஷூரா என்ற பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. வீட்டு மஷூராவில் மகனையும் மகளையும் உட்கார வையுங்கள். ஒரு பொருளை உடைத்துவிட்டு அவர்களாக வந்து சொன்னால், முதல் வார்த்தை ஏச்சாக இல்லாமல், "சொன்னியே, நல்லது" என்று இருக்கட்டும். நாளை வேலையிடத்தில் நடந்த தவறை மறைக்காமல் சொல்லும் துணிவு இங்கிருந்துதான் வரும்.

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் முன்னால் "டேய்" என்று அதட்டப்பட்ட பையன் அடுத்த முறை கல்லாவில் கணக்கு இடித்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டான். பயிற்சி அவனுக்கு மட்டும் போதாது. பயிற்றுநர்கள் உங்கள் கடைக்கும் வருவார்கள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்த முறை சான்றிதழ் கொடுத்த நாளோடு வேலை முடிந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. வேலையில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் முதல் மூன்று மாதம் ஒரு பயிற்றுநர் வாரம் ஒரு முறை தொடர்பு கொள்வார். அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி: "இந்த வாரம் சொல்லணும்னு நினைச்சு, சொல்லாம விட்டது என்ன?" அந்தப் பதில்களை வைத்துத்தான் அடுத்த வகுப்பு. எங்கள் தவறுகளையும் அதே போல எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகக் கதவு திறந்திருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் நாவில் உண்மையையும் மென்மையையும் தருவாயாக. எங்கள் காதுகளுக்குப் பொறுமையைத் தருவாயாக. அவர்கள் உழைப்பில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.