சுமந்து பார்த்தால் தெரியும்

(திண்டுக்கல்லில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மேசையின்மேல் இருக்கும் இந்தத் துணிப் பொருளைக் கண்டதும் உங்களில் பலர் சிரித்துவிட்டீர்கள். சிரித்ததில் பிழையொன்றுமில்லை. நாடகத்தில் ஆண்மகன் ஒருவன் தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு மேடையேறினால் ஊரே சிரிப்பது வழக்கம். ஆனால் இது தலையணையன்று. நிறைமாதக் கர்ப்பிணியின் வயிறு எவ்வளவு பருமனும் எடையும் உடையதோ, ஏறத்தாழ அதே அளவில் வீட்டிலேயே தைக்கப்பட்ட பொய் வயிறு. இதை எவ்வாறு செய்வது, எதற்காகச் செய்வது என்னும் இரண்டையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இது புதிய யோசனையன்று. பிரான்சு நாட்டில் ஏஞ்செலிக் து கூத்ரே என்னும் மருத்துவச்சி ஒருவர் இருந்தார். கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்பிக்குமாறு பதினைந்தாம் லூயி மன்னர் 1759-ஆம் ஆண்டில் அவரைப் பணித்தார். அந்தப் பெண்களுள் பலருக்கு எழுத்தறிவில்லை. ஆகவே அம்மையார் துணியாலும் தோலாலும் பஞ்சாலும் ஒரு தாயின் உடற்பகுதியையும் குழந்தையையும் செய்து, அதை ஊர் ஊராக எடுத்துச் சென்று கற்பித்தார். அவற்றுள் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அண்மையில், 2016-ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டின் சாகா, மியாசாகி, யமகுச்சி ஆகிய மூன்று மாநிலங்களின் ஆளுநர்கள் 7.3 கிலோ எடையுள்ள கர்ப்பிணி அங்கியை அணிந்து தங்கள் அன்றாட வேலைகளைச் செய்துகாட்டினார்கள். வீட்டு வேலையில் ஆண்களும் பங்கு கொள்ள வேண்டுமென்பதே அவர்களுடைய நோக்கம். ஆளுநர்கள் அணிந்ததை நாம் அணிவதில் இழுக்கென்ன இருக்கிறது?

நம் மாவட்டத்துக்கும் இத்துறையில் பெருமை உண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, கிராமத் தாய்மார்களின் நலத்தையே முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். கஸ்தூரிபா மருத்துவமனை அதற்குச் சான்றாக நிற்கிறது.

செய்யும் முறை

வேண்டிய பொருள்கள் யாவும் நம் வீடுகளில் உள்ளவையே. பழைய கெட்டித் துணி அல்லது போர்வை, கழுவிச் சலித்து நன்றாக உலர்த்திய மணல், இலவம் பஞ்சு, ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று, அகலமான நாடா, ஊசி நூல். இவ்வளவே.

முதலாவதாக, ஒன்றரை அடி உயரமும் ஒன்றேகால் அடி அகலமும் உள்ள முட்டை வடிவத்தில் கெட்டித் துணியை இரண்டு மடிப்பாக வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள். இது உடம்பை ஒட்டியிருக்கும் அடித்துணி. இரண்டாவதாக, இரண்டேகால் அடிக் குறுக்களவில் ஒரு வட்டத் துணி வெட்டி, அதன் ஓரத்தில் நூலோட்டிச் சுருக்குங்கள். பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பையை நினைத்துக்கொண்டால் போதும். சுருக்கிய ஓரத்தை அடித்துணியோடு சேர்த்துத் தையுங்கள். மேற்புறத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு வாய் விட்டு வையுங்கள்.

மூன்றாவது வேலை எடையிடுவது. கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும். குழந்தைக்கு 3 கிலோ மணல். இதைக் கைகால் மடக்கிய துணிப் பொம்மைக்குள் இட்டுத் தைத்து, தலை கீழ்ப்புறமாக இருக்கும்படி வையுங்கள். பனிக்குட நீருக்காக வெந்நீர்ப் பையில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி இறுக மூடி அதன் அருகில் வையுங்கள். நஞ்சுக்கொடிக்கு அரை கிலோ மணலில் தட்டையான பை. கருப்பைக்கு 1 கிலோ மணலைச் சிறு சிறு பைகளாகப் பிரித்து அடிப்புறம் சுற்றிலும் அடுக்குங்கள். எஞ்சிய இடத்தைப் பஞ்சால் நிரப்பி வாயை நாடாவால் கட்டிவிடுங்கள். துணியும் பஞ்சும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 6 கிலோ வரும். கர்ப்ப காலத்தில் பெண்ணுக்குக் கூடும் எடை பொதுவாக 10 முதல் 12 கிலோ வரையாகும். மீதி அவள் உடம்பில் கூடிய இரத்தமாகவும் நீராகவும் கொழுப்பாகவும் எங்கும் பரவியிருப்பதால் அதை நாம் தைத்துக்காட்ட இயலாது.

வயிறு உண்மைபோல் தோன்ற வேண்டுமானால், மேற்புறம் சரிவாகவும் கீழ்ப்புறம் நிறைந்தும் இருக்க வேண்டும். நிறைமாதத்தில் தொப்புள் வெளியே தள்ளி நிற்பதுண்டு. அதற்காக ஒரு துணிப் பொத்தானை உள்ளிருந்து வைத்துத் தைக்கலாம். தோள் நாடா இரண்டையும் முதுகில் குறுக்காக எடுத்துக் கட்டுங்கள். நான்கு விரல் அகலமுள்ள இடுப்புப் பட்டையை வயிற்றின் அடியில் தாங்கலாகக் கட்டுங்கள். ஊசி குத்தாமல் முடிச்சே போடுங்கள். நாடகத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் மணலும் நீரும் இல்லாமல் பஞ்சே போதும்.

முதுகு வலி, இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும், சிறுவர்களும், கர்ப்பிணிகளும் இதை அணியலாகாது. மற்றவர்களும் முதலில் 3 கிலோவில் தொடங்கிப் பின்னர் கூட்ட வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

அணிந்து செய்ய வேண்டியவை

அணிந்தபின் சும்மா நிற்பதில் பயனில்லை. பாயில் படுத்து எழுந்திருங்கள். கீழே விழுந்த காசை எடுங்கள். செருப்பின் வாரை மாட்டுங்கள். வேறொருவர் துணைக்கு நிற்க, குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்து இருபது அடி நடந்து பாருங்கள்.

சென்ற மாதம் ஓர் ஊரில் இதைச் செய்தபோது, நடுவயது விவசாயி ஒருவர், “ஐயா, ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்குகிறவன் நான். ஆறு கிலோ எனக்கு ஒரு பாரமா?” என்றார். அணிந்துகொண்டார். கால் மணி நேரம் கழித்து, “மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சுவிடலாம். இதை இறக்கி வைக்க வழியில்லையே!” என்றார். நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாக அவரே சொல்லிவிட்டார்.

அன்பர்களே, நான் படித்தவன், அலுவலன். இருப்பினும் இதைக் காலம் கடந்தே கற்றேன். பதினேழு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி. மாடியில் குடியிருந்தோம், தெருக் குழாயிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். “கண் இருட்டிக்கொண்டு வருகிறது” என்று அவள் ஒருநாள் காலையில் சொன்னாள். “எல்லாப் பெண்களும் சுமப்பதுதானே” என்று சொல்லிவிட்டு நான் அலுவலகம் சென்றேன். அன்று படியில் விழுந்தாள். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தேன். இறைவன் அருளால் மகள் பிழைத்தாள். இன்று பள்ளியில் படிக்கிறாள். அன்று காலை நான் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைத்திருந்தால் பத்து நிமிடம் தாமதமாகியிருக்கும். அவ்வளவே.

பொய் வயிறு காட்டாதவை

இந்தப் பை பாரத்தைக் காட்டும், இரத்தசோகையைக் காட்டாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பேறுகாலத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை 2018-20-இல் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. நாம் முன்னணியில் இருக்கிறோம் என்பது உண்மை. ஆனால் அந்த 54 பேரும் ஏதோ ஒரு வீட்டின் மகள் அல்லவா?

ஆகையால் கர்ப்பம் என்று அறிந்தவுடன், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை 180 நாளாவது தவறாமல் உட்கொள்ள வேண்டும். தேநீரோடு சேர்த்து உட்கொண்டால் சத்து உடம்பில் குறைவாகவே சேரும். படுக்கும்போது இடப்பக்கமாகப் படுப்பது நல்லது. உதிரப்போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நேரம் பார்க்காமல், சகுனம் பார்க்காமல் 108 வண்டியை அழையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987 முதல் நடைபெறும் மகப்பேறு உதவித் திட்டம் இன்று 18,000 ரூபாய் மதிப்புடையது. தகுதியுள்ள எவரும் அதை இழக்கலாகாது.

ஊராட்சியின் கடமை

நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் குனிந்து மல்லிகை பறிப்பவர்களிலும், குஜிலியம்பாறைப் பக்கம் குழாயடியில் குடத்தோடு காத்திருப்பவர்களிலும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். குழாயடியில் அவர்களுக்கு முதலிடம் என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் செய்யுங்கள். அதற்குப் பணம் வேண்டியதில்லை. இரவில் உதவக்கூடிய வண்டிக்காரர் பெயரை அங்கன்வாடிச் சுவரில் எழுதி வையுங்கள். ஏழாம் மாத வளைகாப்பில் கணவனும் மாமனாரும் கால் மணி நேரம் இந்த வயிற்றை அணியட்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பிள்ளைப்பேறு வாய்க்காத சகோதரி ஊரில் இருப்பாள். அவள்முன் இதை வேடிக்கைப் பொருளாக்காதீர்கள். அவளை இதை அணியச் சொல்லாதீர்கள். ஊரின் ஏச்சுக்கு அஞ்சி வயிற்றில் துணி கட்டி நடித்த பெண்களும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பொய்க்கு அவர்களைக் காட்டிலும் ஊரே பொறுப்பு.

இப்போது முன்வரிசையில் இருக்கும் உறுப்பினர்கள் இருவர் மேடைக்கு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அடுத்த முறை அவர்களுடையது.