ஆங்கிலத்தில் துணிதலும் இடர்ப்படுதலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாச் சொற்பொழிவு இலக்கியம் பற்றியதாகவே இருத்தல் வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதனின்றும் சற்றே விலகி, ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலமா என்று பெரியோர் முகம் சுளிக்க வேண்டா. தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து இக்காலனியில் குடியேறியிருக்கும் நாம், வீட்டு வாயிலைக் கடந்தால் நம் இடர்களை வேற்று மொழியில்தான் எடுத்துரைத்தாக வேண்டும். கடைத்தெருவிலே இந்தி கைகொடுக்கலாம். அலுவலகத்து விண்ணப்பம் என்று வந்துவிட்டால் நம்மில் பெரும்பாலோர்க்கு ஆங்கிலமே துணை. அங்கே சொல் பிழைத்தால் கிடைக்க வேண்டிய உதவியும் பிழைத்துப் போகின்றது.

நம் வீடுகளில் 'கஷ்டம்' என்னும் ஒரு சொல்லே எல்லாச் சுமையையும் சுமக்கின்றது. கணக்குப் பரீட்சை கஷ்டம். மாதக் கடைசி கஷ்டம். மாடி ஏறினால் மூச்சு விடக் கஷ்டம். பழகிய பக்கத்து வீட்டார் மாற்றலாகிப் போனது மனத்திற்குக் கஷ்டம். தமிழில் இதனாற் குழப்பம் நேர்வதில்லை. கேட்பவர் குரலாலும் முகத்தாலும் உணர்ந்து கொள்கின்றார். இவை அனைத்தையும் 'டிஃபிகல்ட்' என்று பெயர்க்கும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. அச்சொல் 'செய்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிற் பிறந்தது; செய்தற்கு எளிதல்லாதது என்பதே அதன் பொருள். ஆகவே கணக்கிற்கு அது பொருந்தும். கைப்பொருள் இன்றி வாடும் வாட்டத்திற்கு 'ஹார்ட்ஷிப்' என்பர். மனம் கலங்கி நிற்பதற்கு 'டிஸ்ட்ரெஸ்' என்பர்.

'ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் டுமாரோ' என்று நம்மவர் சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். நாளை வருதல் தமக்கு அரிது என்பது அவர் கருத்து. கேட்கும் மேலதிகாரியின் செவியிலோ, 'நான் எதற்கும் இணங்காத ஆள்' என்பதுபோல் விழும். மனிதரை 'டிஃபிகல்ட்' என்றால் ஆங்கிலத்தில் அதுவே பொருள். 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ' என்று திருப்பிச் சொன்னால் பழி நம்மை விட்டுச் செயலின்மேல் போய்விடும். இன்னொன்று: 'ஹி ஒர்க்ஸ் ஹார்டு' என்றால் கடுமையாக உழைக்கின்றான், 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றாலோ, அவன் வேலை செய்வதே இல்லை என்னும் அளவிற்குப் போய்விடும். நற்சான்று எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நம் பிள்ளைகளின் பணியாகிவிட்டது. பாட்டி, 'கஷ்டமா இருக்கு' என்கின்றாள். பிள்ளை, 'ஷி இஸ் ஃபீலிங் டிஃபிகல்ட்' என்கின்றது. மருத்துவருக்கு என்ன விளங்கும்? மூச்சு வாங்குகின்றது என்றால் 'பிரெத்லெஸ்'; நோவு என்றால் 'பெயின்'; தலை சுற்றல் என்றால் 'கிட்டி'; தளர்ச்சி என்றால் 'வீக்'. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியாத சொற்கள் அல்ல. எங்கே, எப்படி, எப்போதிலிருந்து என்று பாட்டியைத் தமிழிற் கேட்டறியாமைதான் குறை. மொழிபெயர்ப்பின் முற்பாதி தமிழிலேயே நிகழ வேண்டியது. அதனை நாம் பிள்ளைகளுக்குப் பழக்குவதில்லை.

இனி, முடிவு செய்தலைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். 'டிசைட்' என்பதன் இலத்தீன் மூலத்திற்கு வெட்டி நீக்குதல் என்பது பொருள். தமிழிலோ துணிதல் என்றால் வெட்டுண்ணுதல். முடிவு செய்தலும் துணிதலே. 'அறுதியிடுதல்' என்பதிலும் அறுத்தல் இருக்கின்றது. ஒன்றற்கொன்று உறவில்லாத இரு மொழியினரும், பல வழிகளுள் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை வெட்டி எறிவதே முடிவு என்று கண்டனர் போலும்! இன்று நாம் துணிவு என்றால் அஞ்சாமை என்றே கொள்கின்றோம். திருக்குறளிலோ அச்சொல் முடிவு செய்தலையும் குறிக்கும்.

வெட்டு விழுவதற்கு முன் அலுவலக ஆங்கிலத்திற் பல படிகள் உண்டு. 'அண்டர் கன்சிடரேஷன்' என்று மறுமொழி வந்ததும் காரியம் முடிந்ததென இனிப்பு வழங்குவோரை நான் அறிவேன். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கின்றோம் என்பதற்கு மேல் அதிற் பொருளில்லை. 'அண்டர் ஆக்டிவ் கன்சிடரேஷன்' என்று வந்தாலோ, கோப்பு ஒருமுறை புரண்டு படுத்தது என்று கொள்ளலாம். 'டென்டேடிவ்' என்பது மாறக்கூடிய முடிவு. அதனை நம்பி இரயிலுக்குப் பயணச்சீட்டு வாங்குதல் கூடாது. 'டிஃபர்' என்றால் தள்ளிவைப்பு, மறுப்பு அன்று. 'வி ரிக்ரெட்' என்று தொடங்கும் கடிதமோ, வருத்தம் தெரிவிப்பது போலத் தோன்றினும், வெட்டு விழுந்த பின் வருவது.

இருவழியும் இடராக நிற்கும் நிலையை 'டைலமா' என்பர். அதற்குக் கொம்புகள் இரண்டு உண்டென்றும், எக்கொம்பிற் குத்துண்பது என்பதே கேள்வி என்றும் ஆங்கிலத்திற் கூறுவர். நம் முன்னோர் இருதலைக் கொள்ளி எறும்பைக் கண்டனர். எனக்கு எறும்பே உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. கொள்ளியில் நேரமும் குறைந்துகொண்டே வருகின்றதன்றோ?

'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்பதனையும் இதே பொருளிற் பலர் வழங்குகின்றனர். அது பொருந்தாது. தாமஸ் ஹாப்சன் என்பவர் கேம்பிரிட்ஜில் வண்டித் தொழிலும் குதிரை வாடகைத் தொழிலும் நடத்தி 1631 இல் மறைந்தவர். மாணவர்கள் நல்ல குதிரைகளையே விரும்பிக் கேட்டு ஓட்டி அலுக்க வைத்தமையால், கதவருகே நிற்கும் குதிரையைக் கொள், இன்றேல் வெறுங்கையுடன் போ என்று விதி செய்தார். எல்லாக் குதிரைக்கும் முறைப்படி ஓய்வு கிடைத்தது. 1712 இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழ் இக்கதையை விளக்கி எழுதிற்று. ஆகவே அது இரண்டிற்கிடையே தவித்தல் அன்று. கொடுத்ததைக் கொள்ளுதல் அல்லது விடுதல். காலி வீடு ஒன்றைக் காட்டி, வேண்டாவெனில் வரிசையின் கடைசிக்குப் போ என்னும் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு முறையை அறிந்தவர்க்கு ஹாப்சனை விளக்க வேண்டுவதில்லை.

மாற்றல் உத்தரவு வந்த அன்பர் ஒருவர் விண்ணப்பம் எழுதுகின்றார் என்று கொள்வோம். 'ஐ ஆம் இன் கிரேட் டிஃபிகல்டி' என்று தொடங்கி, அதனையே மூன்று பத்தியில் மூன்று விதமாக எழுதுவது நம் வழக்கம். படிக்கும் அதிகாரிக்கு இரக்கம் தோன்றலாம். எதனைத் துணிவது என்று மட்டும் தெரியாது. 'மை டாட்டர் ஹாஸ் ஹர் போர்டு எக்ஸாமினேஷன் இன் மார்ச். ஐ ரிக்வெஸ்ட் தட் மை ட்ரான்ஸ்ஃபர் பி டிஃபர்ட் டில் ஏப்ரல்' என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இதில் கஷ்டம் என்னும் சொல் எவ்வுருவிலும் இல்லை. கஷ்டம் இன்னதென்பதும், அவர் முடிவு செய்ய வேண்டுவது இன்னதென்பதும், எந்த மாதம் வரை என்பதும் இருக்கின்றன.