செஞ்சியின் மகள்களுக்குக் ‘கருக்கு’ வேண்டும்

பெண்பிள்ளையின் கையில் புதினம் கொடுத்தால் அவள் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்வாள் என்று அஞ்சும் எதிரணிக்கு விடையாக, 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ என்னும் தன்வரலாற்றுப் புதினத்தை, அதாவது ஆசிரியர் தம் வாழ்வையே கதையாக்கிய நூலை, செஞ்சிக் கோட்டையின் நிழலில் கூடியிருக்கும் அவைமுன் இவ்வணி வைக்கிறது.

அப்புதினத்தில், பள்ளி விட்டு வரும் சிறுமி ஒருத்தி, தன் தெருப் பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தாங்காமல், அதைக் கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பொட்டலத்தில் அவர் கைபட்டால் பண்ணையாருக்குத் தீட்டாகிவிடும் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு அடங்கி, சினம் மூள்கிறது. நன்றாகப் படித்தால் மதிப்பு தேடி வரும் என்று அதே அண்ணன் சொல்ல, அவள் படித்து ஆசிரியையாகி, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யத் துறவற மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி குடியிருக்கக் கண்டு, பிழைப்புக்கு வழி தெரியாத நிலையிலும் வெளியேறுகிறாள். புதினத்தால் ஒழுக்கம் கெடும் என்று முழங்கிய எதிரணித் தலைவர், அந்த வடைப் பொட்டலத்தின் நூல் இத்தனை காலம் யாருடைய ஒழுக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று இந்த அவைக்குச் சொல்லட்டும்!

1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட செஞ்சி மன்னன் தேசிங்கு ராஜனின் கதையை இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அவனுடன் உடன்கட்டை ஏறிய மனைவியின் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பது வழக்கு. கணவனோடு எரிந்தவளின் நினைவை ஓர் ஊரின் பெயராகவே ஆக்கிய நாட்டில், தன் காலில் நின்று வாழ்ந்தவளின் கதையை மகளுக்கு வாங்கிக் கொடுக்க மட்டும் மனம் வராதா?

பனைமட்டையின் இருபுறமும் இரம்பப் பற்களாக நிற்கும் கூரிய விளிம்பே கருக்கு எனப்படுவது. விறகுக்கு மட்டை பொறுக்கும் சிறுமியின் விரலை அது கீறத்தான் செய்யும். ஆனால் அந்த மட்டைதான் மாலையில் உலைக்கு நெருப்பாகும். கை கிழியும் என்று தெரிந்தே மகளைப் பனங்காட்டுக்கு அனுப்பிய ஊர், மனம் கிழியும் என்று சொல்லி அவள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவது அன்பாகாது, அச்சமே ஆகும் என்பதால், வயதுக்கு வரும் பெண்ணுக்குப் புதினமே உற்ற துணை என்று நடுவர் தீர்ப்பளிக்க வேண்டும் என்று இவ்வணி கோருகிறது.