காப்பு அவிழ்த்த மறுநாள்

(திருவிழா நிறைவுக்கு முந்திய நாளிரவு ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

 

சமயச் சொற்பொழிவாற்றும் தகுதி எனக்கு இல்லை. நான் ஓர் அரசாங்க ஊழியன். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவன். பத்து நிமிடம் பேசுமாறு தலைவர் அவர்கள் பணித்தபோது, இங்குள்ள சிலரை மட்டும் நோக்கிப் பேச அனுமதி வேண்டினேன். கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருப்பவர்களில், வழக்கமாகப் புகைபிடிக்கும் அன்பர்களே அவர்கள். ஏனையோர் பொறுத்தருள வேண்டும்.

நாளை இரவு காப்பு அவிழ்க்கப்படும். கடந்த பத்து நாள்களாக நீங்கள் சிகரெட்டைத் தொடவில்லை. நாளை மறுநாள் காலை கடைக்குச் சென்று, ஒரு கோப்பி ஓ சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் பல ஆண்டுகள் அதையே செய்தவன். என் தந்தையாரும் அதையே செய்தார்.

அவர் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரக்காட்டுக்குள் நுழையும்போதே சுருட்டைப் பற்றவைப்பார். கொசுக்கடிக்கு அதுதான் காவல் என்பார். அந்நாளையக் காட்டுக் கொசுவை அறிந்தவர்கள் அதை வெறும் சாக்கு என்று தள்ளமாட்டார்கள். கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் எங்கள் பெயருக்குக் கீழே அரிசி, கருவாடு, சுருட்டு என்று வரிசையாக எழுதியிருக்கும். சுருட்டு வாங்கிவர ஓடியவன் நான்தான். ஆனால், தைப்பூசத்திற்கு ஒரு மாதம் விரதமிருப்பார். அந்த மாதம் முழுவதும் சுருட்டின் வாடையே வீட்டில் இராது. பத்துமலையில் காவடியை இறக்கிவைத்து, வீடு திரும்பப் பேருந்து ஏறுமுன் அவர் கை சட்டைப்பையைத் தேடும். 58-ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். ஆண்டுதோறும் ஒரு மாதம் விடமுடிந்தவர் ஏன் மீண்டும் தொட்டார் என்று அவர் இருந்தவரை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கு மருத்துவம் சொல்லும் விளக்கத்தைப் பிற்பாடுதான் அறிந்தேன். புகையை நிறுத்தியவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்களே மிகக் கடுமையானவை. எரிச்சல், உறக்கமின்மை, தலைவலி, எதிலும் மனம் நிலைக்காமை ஆகியவை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாகத் தணிந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இரத்தத்தில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு ஓரிரு நாளிலேயே நீங்கிவிடுகிறது. ஆகவே, அன்பர்களே, மிகக் கடினமான பகுதியை நீங்கள் கடந்துவிட்டீர்கள். அம்மனுக்காகச் செய்ததால் அதன் கடுமை உங்களுக்குத் தெரியவில்லை. நாளை மறுநாள் ஒரே ஒரு சிகரெட் பற்றவைத்தால், இந்தப் பத்து நாள் பாடு வீணாகிவிடும்.

ஆயுள் முழுவதும் தொடமாட்டேன் என்று சூளுரைக்குமாறு நான் கேட்கவில்லை. காப்பை அவிழ்த்துவிடுங்கள், இறைச்சி உண்பது உங்கள் விருப்பம். புகை விரதத்தை மட்டும் இன்னும் 18 நாள் நீட்டியுங்கள். மொத்தம் நான்கு வாரம் ஆகிவிடும். இடையே ஆசை எழத்தான் செய்யும். எழுந்தாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதுவரை கையை வேறு வேலையில் வையுங்கள்.

கோப்பியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புகைபிடிப்பவரின் உடல் கோப்பியிலுள்ள காப்பீனை விரைவாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. அதே மூன்று குவளை கோப்பி இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் கொடுக்கும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். குவளையைக் குறையுங்கள். சில வாரம் தேநீருக்கு மாறினாலும் நல்லதே.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நாள்களில் வீட்டில் காரணமில்லாமல் கோபம் வரும். “இந்த முகத்தைப் பார்ப்பதற்குச் சுருட்டையே குடித்துவிட்டுப் போகட்டும்” என்று என் தாயாரே சொன்னதுண்டு. அந்தச் சொல்லைச் சில வாரம் அடக்கிக்கொள்ளுங்கள்.

முனியாண்டி சாமிக்கே சுருட்டுப் படைக்கிறோமே என்று கேட்பவர்கள் உண்டு. படைப்பது நம் முன்னோர் வழக்கம். அதில் நான் கைவைக்கவில்லை. படைத்ததை நாம் பிடித்தாக வேண்டும் என்று எங்கள் தோட்டத்துப் பூசாரி ஒருநாளும் சொன்னதில்லை. இளைஞர்கள் சிலர், நாங்கள் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிவிட்டோம் என்கிறார்கள். அதிலும் பெரும்பாலும் நிக்கோட்டின் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் இரண்டையுமே கட்டுப்படுத்துகிறது.

நான் நான்கு முறை விட்டவன். அதாவது மூன்று முறை தோற்றவன். 2019 ஜனவரி 1-இல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபோது, கடைக்கு வெளியே மழையில் குடைபிடித்துக்கொண்டு நின்று புகைத்தவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் முறை ஐந்து மாதம் தாக்குப்பிடித்தேன். ஒரு துக்க வீட்டில் நண்பர் ஒன்றை நீட்டினார். மறுக்க மனம் வரவில்லை. ஒரே வாரத்தில் பழைய கணக்குக்கே திரும்பினேன். நான்காம் முறை வெட்கத்தை விட்டு அரசாங்க கிளினிக்கை நாடினேன். அங்கே ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முன்பு எத்தனை முறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் எங்கே சறுக்கினேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நிக்கோட்டின் சூயிங்கம் தந்தார்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் உண்டு. நம் நாட்டு அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் புகைபிடிப்பதை நிறுத்த உதவும் சேவை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று எண்ணும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்னும் மருத்துவ அறிஞர், 1951-இல் தொடங்கி, பல்லாயிரம் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தையும் வாழ்நாளையும் ஐம்பது ஆண்டுகள் கவனித்துவந்தார். தம் முந்திய ஆய்வின் முடிவைக் கண்டு தாமே சிகரெட்டை விட்டவர் அவர். 2004-இல் வெளியான அறிக்கையின்படி, தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கிறார். 40 வயதில் விட்டவர் அதில் ஏறத்தாழ 9 ஆண்டுகளை மீட்கிறார். 50-இல் விட்டவர் 6. 60-இல் விட்டவரும் 3 ஆண்டுகளை மீட்கிறார். 60 வயதில் கிடைக்கும் மூன்றாண்டு என்பது ஒரு பேரப்பிள்ளை நடக்கவும் பேசவும் கற்றுக்கொள்ளும் காலம். என் பிள்ளைகள் தங்கள் தாத்தாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆலயத்திற்கு எதிரேயுள்ள கடையில் அமர்ந்திருப்பேன். காப்பு அவிழ்த்த அன்பர்கள் வந்து என்னோடு உட்காரலாம். தேநீர் என் செலவு.